எந்தத் தோட்டம் நீங்க?

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பந்தியில் பக்கத்தில் உட்காரும் பெரியவர் முதலில் நம் பெயரைக் கேட்பதில்லை. "எந்தத் தோட்டம் நீங்க?" என்றுதான் கேட்பார். தாமானில் பிறந்து வளர்ந்த பிள்ளை என்றால், "சரி, அப்பா எந்தத் தோட்டம்?" என்று ஒரு படி மேலே போவார். அதற்கும் பதில் இல்லையென்றால், "தாத்தா?" மூன்றாவது கேள்விக்குள் ஏதாவது ஒன்று சிக்கிவிடும். அந்தத் தோட்டத்துக் கங்காணி, கோயில் பூசாரி, பிள்ளைப்பேறு பார்த்த பாட்டி என்று அவருக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்துவிடுவார். பாயசம் வருவதற்குள் நாம் அவருக்கு ஏதோ ஒரு வழியில் பேரப்பிள்ளை முறை ஆகிவிடுவோம்.

அந்தப் பெரியவர் செய்யும் இதே வேலையைக் கணினியிடம் கேட்டு வாங்குவதற்கென்று ஒரு மொழி இருக்கிறது. அந்த மொழிக்கு 2024 ஏப்ரலில் அனைத்துலகத் தரம் கிடைத்தது. பெயர் ஜி.கியூ.எல். ஊடகத்துறையில் பட்டம் வாங்கி, வானொலியில் பாட்டுப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் ஐந்தாறு வருடத்துக்கு முன்பு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. உறவைத் தேடி எங்கள் நிலையத்துக்கு வந்த குரல்கள்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறேன். தோட்டத்தில் ஒன்றாக இருந்து பிறகு பிரிந்துபோன உறவுகளை, அண்டை வீட்டாரை, பள்ளித் தோழர்களைத் தேடுவோர் அழைக்கலாம். 2019-இல் தொடங்கியபோது வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்பு வந்தாலே பெரிது என்று நினைத்தோம். முதல் மாதத்திலேயே புலனத்தில் குரல் பதிவுகள் குவிந்துவிட்டன. காப்பார், பந்திங், கோலசிலாங்கூர், ரவாங் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தன. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி இருந்தவர்கள், ஒருவர் கிள்ளானுக்கு, ஒருவர் சுங்கை பூலோவுக்கு, ஒருவர் ஜொகூருக்கு என்று போய்விட்டார்கள். கைத்தொலைபேசி இல்லாத காலத்தில் போனவர்களுக்கு இன்று எண் ஏது?

வந்த தகவலையெல்லாம் நான் எக்செல் கட்டங்களில் போட்டு வைத்தேன். பெயர், வயது, தோட்டம், தேடப்படுபவர், உறவுமுறை. ஓராண்டில் அந்தக் கோப்பு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. ஒருவர் தேடும் "பெரியம்மா" இன்னொருவரின் "பக்கத்து வீட்டு அக்கா". இருவரும் ஒரே ஆள்தானா என்று தெரிந்துகொள்ள நான் இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டியிருந்தது.

என் சித்தி மகன் சைபர்ஜெயாவில் மென்பொருள் வேலை செய்கிறான். பத்துமலையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் அந்தக் கோப்பைப் பார்த்தான். "அக்கா, இத கட்டத்துல போட்டா முடியாதுலா. உறவு கட்டத்துக்குள்ள இல்ல, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல இருக்கு" என்றான். ஒரு தாளை எடுத்து வட்டங்கள் போட்டு, நடுவில் அம்பு இழுத்து, அம்பின் மேல் உறவின் பெயரை எழுதினான். அம்மா, மகள், கணவர், வேலை செய்த தோட்டம், குலதெய்வக் கோயில். எங்கள் பாட்டிமார் விரல் விட்டு எண்ணும் கணக்கு அந்தத் தாளில் இருந்தது.

கட்டமும் வலையும்

இப்படி வட்டமும் அம்புமாகத் தகவலைச் சேமிப்பதை வலைத் தரவுத்தளம் என்று சொல்லலாம். வங்கி, மருத்துவமனை, அரசாங்க அலுவலகம் எல்லாம் பெரும்பாலும் அட்டவணையில்தான் தகவலை வைத்திருக்கின்றன. அட்டவணை நல்ல ஏற்பாடு. மின் கட்டணம் யார் கட்டவில்லை என்று கேட்டால் உடனே சொல்லும். ஆனால் "என் அம்மாவின் அண்ணன் மகன் யார்?" என்று கேட்டால், அதே அட்டவணையை அதனோடேயே மூன்று முறை ஒட்டிப் பார்க்க வேண்டும். "ஐந்து படிக்குள் எனக்கும் அவருக்கும் ஏதாவது உறவு உண்டா?" என்றால் கேள்வியை எழுதுவதற்கே ஒரு பக்கம் ஆகிவிடும்.

வலைத் தரவுத்தளத்தில் அந்தக் கேள்வி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

மேட்ச் (நான்)-[:தாய்]->(அம்மா)-[:அண்ணன்]->(மாமா)-[:மகன்]->(யார்)
ரிட்டர்ன் யார்

அடைப்புக்குறி என்பது ஆள். அம்பு என்பது உறவு. மேட்ச் என்றால் "இந்த வடிவத்துக்குப் பொருந்துவதைத் தேடு". ரிட்டர்ன் என்றால் "கிடைத்ததைக் கொடு". தாளில் வரைந்த படத்தை அப்படியே எழுத்தில் வரைந்த மாதிரி இருக்கும். நான் முதல்முறை பார்த்தபோதே புரிந்துவிட்டது. கணினி பாடத்தில் நான் எப்படி என்று என் பள்ளித் தோழிகளைக் கேட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தப் படத்தை எழுத்தாக்கும் யோசனை ஸ்வீடனில் பிறந்த நியோ4ஜே நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் நிறுவனர் எமில் ஐஃப்ரெம் 2000-ஆம் ஆண்டில் மும்பைக்குப் போகும் விமானத்தில் கைதுடைக்கும் தாளில் இந்த வட்டம், அம்பு மாதிரியை வரைந்தார் என்று அந்த நிறுவனம் சொல்வதுண்டு. 2011-இல் அங்கே ஆண்ட்ரெஸ் டெய்லர் உருவாக்கிய கேள்வி மொழிதான் சைஃபர். 2016-இல் உலகத்தையே உலுக்கிய பனாமா ஆவணங்கள் நினைவிருக்கிறதா? 1 கோடியே 15 லட்சம் கோப்புகள். எந்தத் தலைவரின் பெயர் எந்த மறைமுக நிறுவனத்தோடு, யார் வழியாகத் தொடர்புபட்டிருக்கிறது என்று அனைத்துலகப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் தேடியது இப்படிப்பட்ட ஒரு வலையில்தான்.

எங்கள் வலையில் பணமும் இல்லை, தலைவர்களும் இல்லை. ஆனால் தகவலை உள்ளே போடப் போட ஒன்று தெரிந்தது. நம் அடையாள அட்டையில் இருக்கும் உறவு ஒன்றே ஒன்றுதான். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்று போட்டு, அப்பாவின் பெயர். அம்மாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் தாய்வழியில் தேடும் அழைப்புகளுக்குத்தான் பதில் கிடைப்பது கடினமாக இருந்தது. ஒரு பெண் கட்டிக்கொடுக்கப்பட்டு வேறு தோட்டத்துக்குப் போனால், பெயரை வைத்து அவளுடைய பிள்ளைகளைப் பிறந்த வீட்டோடு சேர்க்க வழியே இல்லை. அந்த அம்பை யாராவது ஒரு பெரியவர் வாயால் சொல்ல வேண்டும்.

ஏழு மாதம்

தம்பி முதலில் ஒரு நிறுவனத்தின் இலவசச் சேவையில் எங்கள் வலையைக் கட்டினான். ஓய்வு நேரத்தில் செய்த வேலை, காசு கிடையாது, இலவசம்தான் சரிப்பட்டது. 2021 முடிவதற்குள் நல்ல பலன். வாரத்துக்கு ஒரு குடும்பமாவது சேர்ந்தது. 2022 கடைசியில் அந்த நிறுவனம் இலவசச் சேவையை நிறுத்திவிட்டது. பெயர் இங்கே தேவையில்லை. அவர்களுக்கு அவர்களின் கணக்கு. தகவலைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டோம். ஆனால் அதுவரை எழுதி வைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் அந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் இருந்தன. வேறு எங்கே போனாலும் அவை செல்லாது.

அன்றைக்கு நிலைமை அப்படித்தான் இருந்தது. நியோ4ஜேவுக்கு சைஃபர். ஆரக்கிளுக்கு பி.ஜி.கியூ.எல். டைகர்கிராஃபுக்கு ஜி.எஸ்.கியூ.எல். இன்னும் சிலருக்கு க்ரெம்ளின். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மொழி. தம்பி அலுவலக வேலை முடிந்து இரவில் ஒவ்வொரு கேள்வியாக வேறு மொழியில் மாற்றி எழுதினான். அது முடிய 2023 ஜூன் ஆகிவிட்டது. ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்தின் தொடக்கத்தில் கிள்ளானிலிருந்து ஒரு பாட்டி அழைத்திருந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். அறுபதுகளில் அவருடைய அக்காளைக் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அம்மா இறந்த பிறகு போக்குவரத்து நின்றது. தோட்டமும் கைமாறியது. "சாகறதுக்குள்ள ஒரு தடவ பாத்துட்டா போதும் கண்ணு" என்றார். அக்காளின் கணவர் பால்மரத் தண்டலாக இருந்தார், மாமியார் பிள்ளைப்பேறு பார்ப்பவர் என்று மட்டும் நினைவிருந்தது. நிகழ்ச்சியில் ஒலிபரப்பினோம். யாரும் அழைக்கவில்லை.

ஜூனில் கேள்விகள் திரும்பவும் ஓட ஆரம்பித்த முதல் வாரமே வழி கிடைத்தது. நான்கே அம்பு. பாட்டியின் அக்காள், அவருடைய மாமியார், அந்த மாமியார் கையில் பிறந்ததாக 2020-இல் எங்களிடம் சொன்ன ஒருவர், அவருடைய தங்கை. அந்தத் தங்கை சுங்கை பூலோவில் இருந்தார். அக்காளின் மகள் அவருக்கு அடுத்த தெரு.

அக்காள் அந்த வருடம் மார்ச்சில் காலமாகிவிட்டார்.

சகோதரி மகளும் பாட்டியும் சந்தித்தார்கள். நான் போயிருந்தேன். பாட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கக்கா வெரல் மாதிரியே இருக்கு" என்றார். அதற்கு மேல் அதிகம் பேசவில்லை. ஒரு கணினி மொழியால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வருடமாக யாரும் தேடாததற்கு எத்தனையோ காரணம். ஆனால் பதிலுக்கு வேண்டிய எல்லாமே எங்கள் கையில் இருந்தது. கேட்கும் மொழி மட்டும் அந்த ஏழு மாதம் இல்லாமல் இருந்தது.

நமக்குப் பழகிய கதைதான்

தமிழர்களுக்கு இந்தத் தொல்லை புதிதில்லை. நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் மாமா வீட்டுக் கணினியில் தமிழ்ப் பக்கம் திறந்தால் கேள்விக்குறியும் கோணல் எழுத்தும்தான் வரும். இந்தப் பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு, அந்தப் பத்திரிகைக்கு இன்னொன்று என்று இறக்கி வைக்க வேண்டும். டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கு ஒரு குறியீடு. விசைப்பலகையும் ஆளுக்கு ஒன்று.

அதைச் சரிசெய்ய உட்கார்ந்து பேசியவர்களில் நம் நாட்டவர் முக்கியமானவர்கள். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. தமிழ்99 விசைப்பலகை அந்தச் சென்னை மாநாட்டை ஒட்டித் தரமாக்கப்பட்டது. 2000-இல் உத்தமம் என்ற அனைத்துலக அமைப்பு பிறந்தது. 2001-இல் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. கடைசியில் யூனிகோடு நிலைத்தது. இன்று நம் அம்மாக்கள் புலனத்தில் காலை வணக்கம் அனுப்பினால் அது டொரொண்டோவில் இருக்கும் பேரனுக்கும் அதே எழுத்தில் தெரிகிறது. அதன் பின்னால் எத்தனை சண்டை நடந்தது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தரம் என்றால் அப்படித்தான். வேலை செய்யும்போது கண்ணுக்குத் தெரியாது.

தரம் வராத காலத்தில் எழுதியது என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறேன். ஒரு நேயர் தன் அப்பா தட்டச்சு செய்த குடும்ப வரலாற்றை ஒரு வட்டில் கொண்டுவந்தார். எந்த எழுத்துருவில் எழுதினார் என்று அப்பா சொல்லாமல் போய்விட்டார். அதைத் தமிழாக மீட்பதற்கு எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

அட்டவணைகளுக்கு இந்தப் பிரச்சினை முன்பே தீர்ந்திருந்தது. 1970-இல் ஐ.பி.எம்.மில் எட்கர் காட் அட்டவணை முறைக்கு அடித்தளம் போட்டார். 1974-இல் அங்கேயே டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கான கேள்வி மொழியை எழுதினார்கள். அதுதான் எஸ்.கியூ.எல். 1986-இல் அமெரிக்கத் தரம், 1987-இல் அனைத்துலகத் தரம். அதைக் கற்ற ஒருவர் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

வலைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 2018-இல் நியோ4ஜே ஒரு பகிரங்க அறிக்கை விட்டது. சைஃபரையும் மற்றவர்களின் மொழிகளையும் சேர்த்து ஒன்றாக்குவோம் என்பது அதன் சாரம். போட்டி நிறுவனங்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரே மேசைக்கு வந்தார்கள். 2019 செப்டம்பரில் அனைத்துலகத் தர அமைப்பில் அதிகாரப்பூர்வமாக வேலை தொடங்கியது. எஸ்.கியூ.எல்.லைப் பராமரிக்கும் அதே குழுதான் இதையும் எடுத்துக்கொண்டது. எஸ்.கியூ.எல்.லுக்குப் பிறகு அந்த அமைப்பு உருவாக்கும் முதல் தரவுத்தள மொழி என்பதால் பெரிய செய்தி. 2023-இல் எஸ்.கியூ.எல்.லுக்குள்ளேயே வலைக் கேள்வி கேட்கும் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். 2024 ஏப்ரலில் ஜி.கியூ.எல். முழுத் தரமாக வெளிவந்தது. அம்பு வடிவத்தில் தேடும் முறை இரண்டுக்கும் பொது. ஒன்றைக் கற்றால் மற்றது பாதி தெரிந்த மாதிரி.

செய்தி வந்த அன்று தம்பி எனக்குப் புலனத்தில் ஓர் இணைப்பை அனுப்பினான். கூடவே, "அக்கா, இனிமே ராத்திரி தூங்கலாம்" என்று ஒரு வரி. மறுவாரம் அவனே கொஞ்சம் இறங்கி வந்தான். தரம் அச்சான அன்றே எல்லோரும் அதைப் பேசிவிடுவதில்லை. எஸ்.கியூ.எல்.லுக்கே இன்னும் கடைக்குக் கடை வட்டார வழக்கு உண்டு. சைஃபர் மெல்ல மெல்ல ஜி.கியூ.எல்.லுக்கு ஏற்ப மாறி வருகிறது. கூகுள் 2024-இல் தன் ஸ்பானர் தரவுத்தளத்தில் ஜி.கியூ.எல்.லை அடிப்படையாகக் கொண்ட வலை வசதியைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் வருகிறார்கள், அவரவர் வேகத்தில். அவன் அலுவலகத்தில் ஒரு மூத்தவர், "தரம் வந்துட்டா புதுசா யோசிக்கிறது குறைஞ்சிடும்" என்று சொல்வாராம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் எண்பது வயதுக்காரர்களோடு வேலை செய்பவளுக்குப் புதுமையைவிட, இன்று எழுதிய கேள்வி பத்து வருடம் கழித்தும் செல்லுமா என்பதுதான் முக்கியம்.

கூர்மையான கத்தி

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறவைக் கண்டுபிடிக்கும் வலை, மறைத்து வைத்த உறவையும் கண்டுபிடிக்கும். தத்துக் கொடுத்த பிள்ளை, வீட்டைவிட்டு ஓடிப்போன கல்யாணம், அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்து பெயர் சொல்லாமல் வாழும் பெண். எங்கள் வலையில் இப்படி மூன்று நான்கு வழிகள் தானாகவே தெரிந்தன. யாரும் கேட்கவில்லை, ஆனால் அம்புகள் போய்ச் சேர்ந்தன.

அதனால் சில கட்டுப்பாடுகள் வைத்தோம். அடையாள அட்டை எண்ணைப் பதிவதில்லை. பன்னிரண்டு இலக்கத்தில் பிறந்த தேதியும் பிறந்த மாநிலமும் அடங்கியிருக்கும் எண் அது. வழி கிடைத்தாலும் தேடியவரிடம் உடனே சொல்வதில்லை. முதலில் தேடப்பட்டவரிடம் கேட்போம். அவர் வேண்டாம் என்றால், "கிடைக்கவில்லை" என்பதோடு சரி. 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்தில் புழங்கும் தகவலுக்கு என்று எழுதப்பட்டது. நாங்கள் வியாபாரம் செய்யவில்லை. ஆனாலும் சம்மதம் கேட்காமல் யாருடைய அம்பையும் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை என்று இருக்கிறோம். மொழி எல்லோருக்கும் பொதுவாகும்போது, நல்லவர் கெட்டவர் எல்லோருக்கும்தான் பொதுவாகிறது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் கணினித் துறையில் இருப்பவர்கள் ஜி.கியூ.எல்.லைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். எஸ்.கியூ.எல். தெரிந்தவர்களுக்கு ஒரு வார இறுதி போதும். மற்றவர்களுக்குக் கணினியே தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டில் இருக்கும் மிக மூத்தவரிடம் உட்காருங்கள். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வட்டம், ஒவ்வோர் உறவுக்கும் ஓர் அம்பு, அம்பின் மேல் உறவின் பெயர். "மாமா" என்று மட்டும் எழுதாதீர்கள். அம்மாவின் அண்ணனா, தம்பியா, அத்தையின் கணவரா என்று எழுதுங்கள். தோட்டத்தின் பழைய பெயரையும் எந்த டிவிஷன் என்பதையும் கேளுங்கள். தாய்வழியிலிருந்து தொடங்குங்கள், அதுதான் எந்தப் பத்திரத்திலும் முழுதாக இல்லை. பெயர் மறந்துபோன ஆளுக்கும் ஒரு வெற்று வட்டம் போட்டு விடுங்கள். அந்தப் பெயர் தெரிந்தவர் வேறு யார் வீட்டிலாவது இருப்பார்.